டச்பேடும் கிரைண்டரும்

லேப்டாப்பை மூடி வச்சுட்டு சாப்பிடப் போறீங்க. திரும்பி வந்து திறந்தா எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கு, கர்சரைத் தவிர. அது மட்டும் விரல் போற பக்கம் போகாம இடது மூலைக்கு ஓடுது, நடுவில் நின்னு நடுங்குது, நீங்க தொடாத பட்டனை அதுவா அழுத்துது. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகிடும். அடுத்த தடவை மூடித் திறந்தா மறுபடியும் அதே கூத்து. நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலேயே நாலு பேர் இதைப் பத்திப் புலம்பியிருக்காங்க. கிடைச்ச பதில்கள்: "ஃபார்மட் பண்ணு", "மவுஸ் வாங்கு", "வித்துடு".

எனக்கும் இதே தொல்லை, நாலு மாசமா. ஆனா ஒரு விசேஷம். ஹாஸ்டலில் வராது. வட்டக்கோட்டையில் எங்க வீட்டுக்குப் போனா மட்டும் வரும்.

சாதாரண நாளா இருந்தா நானும் மவுஸ் வாங்கிட்டுப் போயிருப்பேன். ஆனா பிளேஸ்மென்ட் முதல் ரவுண்டு ஆன்லைன் தேர்வை லீவில் வீட்டிலிருந்துதான் எழுதணும். கேமரா ஓடிக்கிட்டே இருக்கும். தேர்வு ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளிக் விழுந்தா எச்சரிக்கை. மூணாவது எச்சரிக்கையோட தேர்வு தானா முடிஞ்சிடும். தானா கிளிக் பண்ற கர்சரை வச்சுக்கிட்டு இதை எப்படி எழுதுறது? நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கலை. "பேட் போயிருக்கும்மா, மேல் பேனலோட சேர்த்துதான் மாத்தணும், 7,500 ஆகும்" என்றார்கள். எங்க அப்பா ஆட்டோ ஓட்டுறவர். அந்த நம்பரை அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, கோளாறு நிஜமாவே பேடில்தானா என்று தெரியணும்னு தோணிச்சு.

இங்கே ஊரைப் பத்தி ஒரு வரி. எங்க கோட்டைக்குப் பேர் வட்டக்கோட்டை. உள்ளே போய்ப் பார்த்தா செவ்வகமா இருக்கும். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாகிட்ட பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குத் தளபதியாகி, பலப்படுத்திக் கட்டின கோட்டை. பேரை நம்பி வடிவத்தை முடிவு பண்ற பழக்கம் எங்க ஊர்க்காரங்களுக்குக் கிடையாது.

சரி, டச்பேட் எப்படி வேலை செய்யுது? பலர் நினைக்கிற மாதிரி அது அழுத்தத்தை அளக்கலை. மேல்தோலுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமா மெல்லிய மின்முனைகள் ஓடுது. விரல் கிட்ட வந்தா அந்த இடத்தின் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் மாறும். எவ்வளவு கொஞ்சம்? ஏறக்குறைய ஒரு பிகோஃபாரட், பல சமயம் அதுக்கும் கீழே. ஒரு பிகோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்க, 'யாரும் தொடாதப்போ நான் எப்படி இருந்தேன்' என்று ஒரு அடிப்படைக் கணக்கை அது ஞாபகம் வச்சிருக்கும். வெயில், ஈரப்பதம் மாற மாற அந்தக் கணக்கை மெதுவா திருத்திக்கும். விரல் என்பது அந்தக் கணக்குக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். (சினாப்டிக்ஸ் கம்பெனியை 1986ல் ஆரம்பிச்ச ரெண்டு பேரில் ஒருத்தர் கார்வர் மீட். ஆமா, நம்ம விஎல்எஸ்ஐ பேப்பரில் வர்ற அதே மீட்-கான்வே மீட்தான். இன்னொருத்தர் இன்டெல் 4004 சிப்பை வடிவமைச்சவங்களில் ஒருவரான ஃபெடரிகோ ஃபாஜின். நியூரல் நெட்வொர்க் பண்ணப் போய் டச்பேட் பக்கம் வந்தவங்க.)

ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போது சிக்கல் வர்றது இதனாலதான். தூங்கும்போது பேடுக்குப் போற பவர் குறையும் அல்லது நிக்கும். எழுந்ததும் அது புதுசா அடிப்படைக் கணக்கு எடுக்கும். அந்த நொடியில் உங்க உள்ளங்கை பேட் மேல இருந்தா, கை இருக்கிறதுதான் வெறுமைன்னு அது எழுதி வச்சுக்கும். கையை எடுத்ததும் இல்லாத விரல் தெரியும், இருக்கிற விரல் தெரியாது. மூடியைத் திறக்கும்போது கட்டை விரலால் பேடை அழுத்திப் பிடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, முதலில் அதை விட்டுப் பாருங்க. திறந்து ரெண்டு மூணு நொடி கையைத் தூக்கியே வைங்க. பாதிப் பேருக்கு இதுவே போதும்னு நினைக்கிறேன்.

பழைய லேப்டாப்புகளில் இந்தத் தொல்லை குறைவு என்று சொல்றவங்க உண்டு. என் அத்தை பையன் வச்சிருக்கிற அரசு விலையில்லா மடிக்கணினி இன்னைக்கும் சமத்தா தூங்கி எழும்புது. அது எஸ்3 என்கிற ஆழ்ந்த தூக்கம்: மெமரிக்கு மட்டும் பவர், மத்ததெல்லாம் அணைஞ்சிடும். இப்போ வர்ற பல மாடல்களில் இருப்பது போன் மாதிரி அரைத்தூக்கம், மாடர்ன் ஸ்டான்ட்பை. அதில் ஒவ்வொரு பாகத்தையும் தூங்க வைக்கிறதும் எழுப்புறதும் டிரைவர்களின் பொறுப்பு. ஒரு டிரைவர் சொதப்பினா அந்தப் பாகம் மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்.

டிரைவர்தான் காரணமா என்று பார்க்க ஒரு வழி: விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்பதன் கீழே ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்று இருப்பதை டிஸேபிள் பண்ணி மறுபடி எனேபிள் பண்ணுங்க. கீபோர்டிலேயே செஞ்சுக்கலாம். கர்சர் உடனே ஒழுங்கானா, பேட் செத்துப் போகலைன்னு அர்த்தம். எழுந்திரிக்கும்போதுதான் ஏதோ நடக்குது. அதே இடத்தில் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பக்கம் இருந்தா, 'மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்' என்கிற டிக்கை எடுத்துப் பாருங்க. எனக்கு டிஸேபிள், எனேபிள் வேலை செஞ்சது, ஆனா வீட்டில் பத்து நிமிஷம்தான் தாங்கும்.

அப்புறம் உபுண்டுவில் பூட் பண்ணி லாகைத் திறந்தேன். லினக்ஸில் டச்பேட் தகவலை வாங்கித் தர்ற லிப்இன்புட், விரல் நம்ப முடியாத தூரம் தாவினா அதைத் தூக்கிப் போட்டுட்டு, 'டச் ஜம்ப் டிடெக்டட் அண்ட் டிஸ்கார்டட்' என்று ஒரு வரி எழுதி வைக்கும். நேரத்தோட. எனக்கு இது புதையல் கிடைச்ச மாதிரி. ஒரு நோட்டு எடுத்து நாலு கட்டம் போட்டேன்: சார்ஜர் உண்டு, இல்லை, கை பேட் மேல, கை தூக்கி. ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து தடவை மூடித் திறந்தேன். அம்மை ரெண்டு தடவை வந்து, "என்ன மக்ளே, அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துதே" என்று கேட்டுட்டுப் போனா.

பேட்டரியில், கை தூக்கி: ஒரு தாவலும் இல்லை. பேட்டரியில், கை வச்சு: தாவும், சில நொடியில் அடங்கிடும். சார்ஜர் போட்டா கை எங்கே இருந்தாலும் தாவும், அடங்காது. பிளக்கைப் பிடுங்கின உடனே நிக்கும். கடல் காத்து, உப்பு, ஈரம் என்று என்னென்னவோ சந்தேகப்பட்டிருந்தேன். அதெல்லாம் பிளக்கைப் பிடுங்கினதும் காணாமப் போகாதே. அதே சார்ஜர் ஹாஸ்டலில் நல்லா இருக்கு. அப்போ மிச்சம் இருக்கிறது சுவர்.

சார்ஜருக்குள்ளே வேகமா ஆன் ஆஃப் ஆகிற ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கு. அது கிளப்புற இரைச்சலை எர்த் பக்கம் தள்ளிவிட ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வச்சிருப்பாங்க. மூணாவது பின் நிஜமாவே மண்ணுக்குப் போனா இரைச்சல் அந்த வழியா போயிடும். போகலைன்னா? லேப்டாப்பின் உலோக உடம்பு முழுக்க மிதக்கும். அந்த இரைச்சல் மண்ணைத் தேடுற வழி உங்க விரல். ஒரு பிகோஃபாரடைத் தேடிக்கிட்டு இருக்கிற பேடுக்கு இது காதுக்குள்ளே மேளம் அடிக்கிற மாதிரி. எழுந்ததும் அடிப்படைக் கணக்கு எடுக்கணும்னா அதுக்குக் கொஞ்சம் அமைதி வேணும், அது கிடைக்கலை.

மறுநாள் காலை 6 மணி. சார்ஜரோட லேப்டாப், மணிக்கட்டு உலோக விளிம்பில். அடுக்களையில் அம்மை கிரைண்டரைப் போட்டா. கர்சர் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓட ஆரம்பிச்சது, கையில் எறும்பு ஊர்ற மாதிரி ஒரு சுரசுரப்பு. கிரைண்டர் நின்னதும் குறைஞ்சது.

"அம்மை, கிரைண்டர்ல ஷாக் அடிக்குமா?"

"அது ரெண்டு வருசமா சுருக்கு சுருக்குன்னுதான் இருக்கு. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாது."

மக்கா, இந்த இடத்தில் எனக்குத் தேர்வு, 7,500 எல்லாம் மறந்து போச்சு. வீட்டில் எல்லா மூணாவது பின்னும் ஒரே எர்த் கம்பியில்தான் சேருது. அந்தக் கம்பி மண்ணுக்குப் போகாம நடுவில் அறுந்திருந்தா, கிரைண்டரில் கசியுற கரண்ட் வீட்டிலுள்ள எல்லா உலோக உடம்புக்கும் வரும். லேப்டாப், ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், எல்லாத்துக்கும். நான் இந்தப் பக்கம் கர்சரைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் ஈரக் கையோட மாவு தள்ளிக்கிட்டு இருக்கா அம்மை.

அன்னைக்கே எங்க தெருவில் வயரிங் வேலை பார்க்கிற அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் டெஸ்ட் லாம்ப்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வச்சார், பிரகாசமா எரிஞ்சது. பேஸுக்கும் எர்த்துக்கும் வச்சார், எரியவே இல்லை. (இதை நீங்களா செஞ்சு பார்க்காதீங்க, தயவு செஞ்சு.) கொல்லைப்புறம் போய்ப் பார்த்தா எர்த் பைப்பில் கம்பியைப் பிடிச்சிருந்த கிளாம்ப்பும் போல்ட்டும் உப்புக் காத்தில் துருவா உதிர்ந்து கிடக்கு. கம்பி பைப்பைத் தொடவே இல்லை. "கடற்கரை ஊரு, இப்படித்தான் பிள்ளே ஆகும். யாரு வருசா வருசம் தோண்டிப் பாக்கா?" என்றார். புது கிளாம்ப், கரி, உப்பு, ரெண்டு குடம் தண்ணி. டெஸ்ட் லாம்ப் எரிஞ்சது. கூடவே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணும் மாட்டினார். கிரைண்டரைப் போட்ட மறு நொடி அது டிரிப் ஆச்சு. அப்போ போன கிரைண்டர் மோட்டார் காயில் கட்டி திரும்பி வர ஒரு வாரம் ஆச்சு. அந்த வாரம் முழுக்க கடை மாவு.

மொத்தம் 4,300 ரூபாய், அதில் ஒரு ரூபாய்கூட லேப்டாப்புக்கு இல்லை. "லேப்டாப் ரிப்பேருன்னு சொல்லிட்டு கிரைண்டரையில்லா ரிப்பேர் பண்ணியிருக்கா" என்று அப்பா ஸ்டாண்டில் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கார். கர்சர் இப்போ வீட்டிலும் சமத்து. தேர்வை மட்டும் பேடை டிஸேபிள் பண்ணிட்டு, கடன் வாங்கின மவுஸில் எழுதினேன். அந்த மூணு எச்சரிக்கை விஷயத்தில் எனக்கு ரிஸ்க் எடுக்க மனசில்லை. ரிசல்ட் இன்னும் வரலை.

இன்னொண்ணு, இதை முதலிலேயே சொல்லியிருக்கணும். இதெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி லேப்டாப்பை சமதளமான மேசையில் வச்சு ஆடுதா பாருங்க. பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கா, கிளிக் கெட்டியா இருக்கா பாருங்க. இருந்தா பேட்டரி உப்பிப் போய் அடியிலிருந்து பேடைத் தள்ளுதுன்னு சந்தேகப்படணும். அப்படின்னா சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, நேரா சர்வீஸுக்குக் கொண்டு போங்க. அதில் சோதனை கீதனை எதுவும் வேண்டாம்.

நம்ம ஹாஸ்டலில் மூணு பின் பிளக்கை டூ-பின் கன்வெர்ட்டரில் சொருகி, அதை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அதில் மூணு லேப்டாப்பும் ஒரு கெட்டிலும் ஓட்டுற ரூம்கள் எத்தனைன்னு எனக்கே தெரியும். அந்தக் கன்வெர்ட்டரில் எர்த் கிடையாது. உங்க கர்சர் ஹாஸ்டலில் மட்டும் தாவுதுன்னா முதலில் அதைக் கழட்டிட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் தாவினா சொல்லுங்க. எங்க பிளாக்கில் பிளக் பாயிண்ட் எல்லாத்துக்கும் எர்த் இருக்கான்னு வார்டன்கிட்ட பெர்மிஷன் வாங்கி, காலேஜ் எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். ட்ரிபிள் ஈ பசங்க ரெண்டு பேர் கூட வந்தா நல்லா இருக்கும்.