மருதாணிச் செடியில் ஒரு தேன்கூடு



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில் நான் செய்த காரியம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமழிசையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாதுளைச் செடி உண்டு. அதன் கிளையொன்றில் கொம்புத்தேனீக்கள் உள்ளங்கை அளவில் ஒரு கூடு கட்டியிருந்தன. துணி உலர்த்தும் கொடிக்கு அருகில் இருந்ததால் எனக்கு அச்சம். தெருவில் ஓர் ஆளை அழைத்து, கழியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று நான் ஓத வேண்டியிருந்தது பதினான்காவது ஜுஸ்உ. அஸர் தொழுத பின் சூரா அந்நஹ்லை ஓதிக்கொண்டிருந்தேன். அருகில் அமர்ந்திருந்த என் மகளுக்கு அப்போது எட்டு வயது. "அம்மா, நஹ்ல்னா தேனீதானே? காலையில நாம எரிச்சோமே, அதுவா?" என்று கேட்டாள். நான் ஓதுவதை நிறுத்திவிட்டேன். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. பதில் எதுவும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கு உயிரினங்களைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. தம்மை ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரியில் இருக்கிறது. இரண்டையும் நான் அறிவேன். மதரஸாவில் படித்திருக்கிறேன், பிறருக்கும் சொல்லியிருக்கிறேன். என்னையோ அந்தத் தேனீக்களில் ஒன்றுகூடக் கொட்டியிருக்கவில்லை.

இவ்வூரிலுள்ள ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். தேனீ பற்றி எங்கள் பாடநூலில் இருப்பது சில வரிகளே. அடுத்த கல்வியாண்டில் அந்தச் சில வரிகளுக்கு ஒரு வாரம் ஒதுக்கினேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே தொடங்கினேன் என்று சொல்லிக்கொண்டாலும், அவர்களோடு சேர்ந்து நானும் கற்க வேண்டியிருந்தது என்பதே உண்மை.

முதல் நாள் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை. தேனீ வீடமைத்துக்கொள்ளும் இடங்களாக 16:68 வசனம் குறிப்பிடுபவை இம்மூன்றுமே. "உங்கள் தெருவில் இவற்றுள் எதைக் கண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பாறை விளிம்புகளில் கட்டும் மலைத்தேனீ, மலையில்லாத நம் ஊரில் மேல்நிலை நீர்த்தொட்டியின் அடியில் தொங்குகிறது என்று ஒருவன் சொன்னான். முருங்கைக் கிளையிலும் வேலிச் செடியிலும் இருப்பது கொம்புத்தேனீ. சுவர் இடுக்கில் மெழுகுக் குழல் போன்ற வாசல் வைத்து வாழ்வது, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. மரப்பொந்திலும் மனிதன் வைக்கும் பெட்டியிலும் குடியிருப்பது அடுக்குத்தேனீ. நம் நாட்டு அடுக்குத்தேனீயின் சிறிய உடலுக்கேற்ற பெட்டியை உருவாக்கியவர் 1910களில் திருச்சிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார். மார்த்தாண்டத்துத் தேன் பெயர்பெற்றதற்கும் பெட்டி வளர்ப்பே காரணம். மணி அடிப்பதற்குள் மூன்று கட்டங்களும் நிறைந்துவிட்டன. பலமுறை ஓதிய ஒரு வசனம் எங்கள் தெருவின் வரைபடமாக மாறியதை அன்றுதான் கண்டேன்.

அந்த வசனத்தில் தேனீயை நோக்கி வரும் ஏவல் வினைகள் பெண்பாலில் அமைந்திருக்கின்றன என்று ஒரு மாணவி சொன்னாள். பூவுக்குப் பறப்பதும் கூடு கட்டுவதும் பெண் தேனீக்களே என்பதையும் அவள் தன் அத்தாவிடம் கேட்டு வந்திருந்தாள். மகிழ்ந்தேன். ஆயினும் 'நஹ்ல்' என்ற சொல்லைப் பெண்பாலாக ஆள்வது அரபு மொழியில் உள்ள வழக்கு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அல்லாஹ்வின் வேதத்துக்கு நாம் மிகைப்படுத்திப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி வியந்தாலே போதும்.

இரண்டாம் நாள் காகிதக் கிண்ணங்களைப் பூக்களாக்கி, சிலவற்றில் மட்டும் மஞ்சள் தூளை இட்டேன். பிள்ளைகள் விரல் நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, தேன் குடிப்பதாகப் பாவித்து ஒவ்வொரு கிண்ணமாகத் தொட்டுச் சென்றார்கள். பத்து நிமிடங்களில் தூள் இடாத கிண்ணங்களும் மஞ்சளாகிவிட்டன. மகரந்தச் சேர்க்கை என்ற நீண்ட சொல்லை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாக எங்கள் ஊருக்கு மாற்றப்பட்டிருந்தது. வரிசையாக வந்து நின்ற லாரிகள் பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அந்த லாரிகளில் வந்த காய்களின் பெயர்களை எழுதச் சொல்லி, தேனீ இல்லையென்றால் எவை வந்திருக்கும் என்று கேட்டேன். பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இடையில் ஒருவர் தூது போயாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட சுரைக்காயையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். மறுநாள் காலை ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், எங்க நன்னிமா மாடியில சுரைக்கொடி இருக்கு. அது சாயங்காலம்தான் பூக்குது. அப்ப தேனீ வீட்டுக்குப் போயிருக்குமே?" என்றான். தேடிப் படித்தேன். அவன் ஐயம் சரியானதே. மாலையில் விரியும் சுரைப்பூவுக்குப் பெரும்பாலும் அந்துப்பூச்சிகளே தூது போகின்றன. கரும்பலகையில் என் தவற்றை நானே அழித்துத் திருத்தினேன்.

மூன்றாம் நாள் நடனம். மைதானத்தின் ஒரு மூலையில் கடலை மிட்டாயை ஒளித்துவைத்தேன். அதைக் கண்ட ஒரு பிள்ளை, வாய் திறவாமல், ஆடியே மற்றவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். தேனீக்களின் இந்த ஆட்ட மொழியை ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். செங்குத்தான அடையில் ஆடும் தேனீ, மேல்நோக்கிய திசையைச் சூரியனின் திசையாகக் கொள்கிறது. உடலை அசைத்தபடி ஓடும் நேரம் நீளநீளப் பூவின் தொலைவும் அதிகம் என்று பொருள். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து நம் பகுதித் தேனீக்களின் ஆட்டத்தைக் கவனித்தார். கொம்புத்தேனீயோ கிளையைச் சுற்றிக் கட்டிய அடையின் மேற்தளத்தில், வானத்தைப் பார்த்தபடி, பூ இருக்கும் திசையையே நேராகச் சுட்டி ஆடுகிறது. இதைப் படித்தபோது எங்கள் மாதுளைக் கிளை என் கண்முன் வந்தது. நாங்கள் கொளுத்தியபோதும் அந்தத் தளத்தில் ஏதேனும் ஒரு தேனீ வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

நான்காம் நாள் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒரு தேக்கரண்டித் தேனை அவர்கள் முன் காட்டினேன். சுறுசுறுப்பான பருவத்தில் ஒரு வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். அதற்குள் அது சேர்க்கும் தேன் தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று தேனீ வளர்ப்போர் கணக்கிடுகின்றனர். "அப்படியென்றால் நீங்கள் பன்னிருவரும் வாழ்நாள் முழுவதும் உழைத்தது இந்தக் கரண்டி" என்றேன். தேனை யாரும் உடனே கேட்கவில்லை.

அந்த ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பள்ளியின் குடிநீர்க் குழாய்க்கு அருகிலுள்ள மருதாணிச் செடியில் ஒரு கொம்புத்தேனீக் கூடு தென்பட்டது. பள்ளி விட்டதும் எரித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. செய்தி என் வகுப்பை எட்டியதும் ஐந்து மாணவிகள் தலைமையாசிரியையின் அறைக்குச் சென்றார்கள். "தேனீயைக் கொல்றதை நபி தடுத்திருக்காங்க, மேடம்" என்று ஒருத்தி சொல்ல, "ஒரு பிள்ளைக்குக் கொட்டி ஒவ்வாமை வந்தால் யார் பதில் சொல்வது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அது நியாயமான கேள்வி. குழாயை மூடுவது, கயிறு கட்டி வழியை மாற்றுவது, இடைவேளையில் நானே அங்கு நிற்பது ஆகியவற்றை நான் முன்வைத்தேன். அரை மனதுடன் ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனைத் தேனீ கொட்டிவிட்டது. கை வீங்கி இரவு முழுவதும் அழுதிருக்கிறான். மறுநாள் அவன் தாயார் வந்து, "உங்க பாடத்துக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன், வேறு எதுவும் சொல்ல எனக்கு நா எழவில்லை. தாயின் பின்னால் நின்ற சிறுவன், "நான்தான்மா கல்லெடுத்து அடிச்சேன்" என்றான். அந்தச் சகோதரி சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கயிறை இன்னும் தள்ளிக் கட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கயிற்றைத் தள்ளிக் கட்டினோம். ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை கூடு வெறுமையாக இருந்தது. பூ குறைந்தாலோ தொல்லை மிகுந்தாலோ கூட்டைக் கைவிட்டு இடம் மாறுவது கொம்புத்தேனீயின் இயல்பு. காவலாளி அண்ணன் அந்த அடையைக் கிளையோடு வெட்டித் தந்தார். பிள்ளைகள் அதைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அறுகோண அறைகளை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டார்கள்.

எல்லாக் கூட்டையும் அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ மிக அருகில் அது கட்டியிருந்தால், பழக்கமுள்ள தேனெடுப்பவர்களைக் கொண்டு அகற்றுவதே முறை. பிள்ளைகளிடமும் இதை நான் மறைக்கவில்லை. ஆனால் உள்ளங்கை அளவுள்ள ஒரு கூட்டுக்குத் தீப்பந்தம் எடுக்கும் முன், நான்கு அடி தள்ளிக் கொடி கட்ட முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். நான் அன்று அதை யோசிக்கவில்லை.

அந்த அடையை வீட்டுக்கு எடுத்துச் சென்று மகளிடம் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாம எரிச்சதும் இதே மாதிரிதான் இருந்துச்சும்மா" என்றாள். ஆம் என்றேன். இம்முறை பதில் சொல்ல முடிந்தது.

அறிந்தும் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக! நாம் ஓதுவதை நம் கண்ணெதிரே கண்டுகொள்ளும் பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.