ராஜமலையில் குறிஞ்சி என்ன நிறம்?

மூணாறுக்குக் கிளம்பும் முன்பே பலருடைய செல்போனில் ஒரு படம் வந்து சேர்ந்திருக்கும். மலை முழுக்க அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் நீலக்குறிஞ்சி, கம்பளம் விரித்த மாதிரி! அதை நம்பி, குறிஞ்சி சீசனில் ராஜமலையில் வனத்துறை பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர் முகம் கொஞ்சம் வாடிப்போகும். “இவ்வளவுதானா?”

பூ ஏமாற்றவில்லை. அந்தப் படம்தான் ஏமாற்றிவிட்டது.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் பயணிகள் போய்ப் பார்க்கிற பகுதி ராஜமலை. பக்கத்திலேயே 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி. சரிவெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, நடுநடுவே சாம்பல் நிறப் பாறைகள். அந்தப் பாறைகளில் வரையாடுகள் மனிதர்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும். இந்த மலையில்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி கூட்டமாகப் பூக்கிறது. 2006-ல் பூத்தது. அடுத்து 2018-ல் பூத்தபோது, ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பாதைகள் துண்டிக்கப்பட்டுப் பலரால் போகவே முடியவில்லை. இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். வேறு சில மலைகளில் இடைப்பட்ட ஆண்டுகளிலும் பூப்பதுண்டு என்பது ஒரு ஆறுதல்.

பூத்து விதை விட்டதும் செடி மடிந்துவிடும். பூவைப் பறிக்கவும் தடை. ஆகவே, வீட்டுக்கு எடுத்துவர முடிந்தது போட்டோ மட்டும்தான். அதில் நிறம் சரியாக இருக்க வேண்டாமா?

இளம் குறிஞ்சி வெளிர் நீலம். முதிர முதிர ஊதாச் சாயல் ஏறும். மூடுபனி வந்துவிட்டால் இரண்டுமே மங்கி, சாம்பல் பூசியது போலாகிவிடும். இதில் செல்போன் வேறு தன் பங்குக்குக் குழப்பும். ஃப்ரேம் முழுக்க நீலமாக இருந்தால், அதை வெளிச்சத்தின் குறை என்று நினைத்து, கேமரா தானாகவே நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூ வெளிறிக் கிடக்கும்.

அந்தக் கோபத்தில் பலரும் செய்வது, எடிட்டிங் ஆப்பைத் திறந்து சாச்சுரேஷனை வலதுகோடிக்குத் தள்ளுவது. பூ பளிச்சென்று ஆகும். கூடவே புல் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகும், குழந்தையின் கன்னம் ஆரஞ்சாகும். முன்னால் சொன்ன கம்பளப் படங்களை அடையாளம் காண இதுவே வழி. பூவை விட்டுவிட்டுப் பாறையைப் பாருங்கள். பாறையும் வரையாடும் ஊதாவாக இருந்தால், அது மலையின் நிறமில்லை, ஆப்பின் நிறம்.

சரிசெய்யவும் அதே பாறைதான் கைகொடுக்கும். ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற ஆப்களில் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் சொட்டுக்குழாய் போல ஒரு குறி இருக்கும். அதை எடுத்துப் பாசி படியாத சாம்பல் பாறையின் மேல் வைத்தால், “இது நிறமற்ற சாம்பல்” என்று ஆப் புரிந்துகொண்டு மற்ற நிறங்களை அதற்கேற்ப நகர்த்தும். பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு, ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் வசதி லைட்ரூமில் உண்டு. நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சாயலை ஊதாப் பக்கம் இம்மியளவு, அடர்த்தியைச் சற்றே கூட்டினால் போதும். புல் புல்லாகவே இருக்கும்.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ஆப்பில் அளவுகோல் கிடையாது. கண்ணில் பார்த்த ஞாபகம்தான் அளவு, அதுவும் சீக்கிரம் மங்கும். மலையிலிருந்து இறங்கிய அன்று இரவே, தங்கும் அறையில் உட்கார்ந்து திருத்திவிடுவது நல்லது.

திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமித்து, கேமரா எடுத்த அசல் படத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். 2018 படங்களை அப்படி வைத்திருப்பவர்கள், 2030-ல் அதே சரிவில் நின்று, போனைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.