அகாவாவுக்கு எந்த வாரம் போவது?

போன வருடம் ஜூலையில் ஒரு இரவு. கோடை வகுப்புக்கான கணக்கியல் புத்தகம் மேசையில் திறந்தபடி கிடக்க, நான் எக்செல்லில் வேறொரு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஓகஸ்ற் தொடக்கத்திலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை வாரங்கள். மேலே ஆறு நிரல்கள்: இலை, குளிர், விலை, அப்பாவின் லீவு, என் பரீட்சை, அம்மம்மாவின் கண். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி. வர்த்தகம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதுதான் கதி. தண்ணீர் குடிக்க எழும்பி வந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ரயிலில ஏறுறதுக்கு இவ்வளவு கணக்கோ?" என்றார்.

அகாவா ரயிலைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் காரில் போனால் சூ செயின்ட் மேரி என்ற ஊர் வரும். எல்லோரும் 'சூ' என்றுதான் சொல்வார்கள். அங்கே காலையில் புறப்படும் ரயில் 114 மைல் வடக்கே காட்டுக்குள் போய், அகாவா ஆறு ஓடுகிற ஆழமான மலை இடுக்கின் அடியில் ஒன்றரை மணி நேரம் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பி மாலையில் சூவில் இறக்கிவிடும். அந்த இடுக்கின் அடிக்கு வாகனச் சாலை கிடையாது. "இண்டைக்குச் சரியில்லை, நாளைக்கு ஒருக்கா வருவம்" என்று சொல்ல முடியாத இடம். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம், நடுவில் ரயிலில் ஒரு முழுநாள். நாலு பேருக்கு ரிக்கற், இரண்டு இரவு அறை வாடகை. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பயணம் ஐந்து வருடத்துக்கு ஒருதடவை நடந்தாலே பெரிய விஷயம். ஆகவே வாரத்தைப் பிழையாகத் தெரிந்தால் பிழைதான்.

(சின்ன இடைச்செருகல். இந்தப் பாதையை யாரும் காட்சி பார்ப்பதற்காகப் போடவில்லை. 1899இல் பிரான்சிஸ் கிளேர்க் என்ற தொழிலதிபர் தன் ஆலைகளுக்கு மரமும் இரும்புத் தாதுவும் கொண்டுவரத் தொடங்கிய அல்கோமா சென்ட்ரல் ரயில்வே இது. 1914இல் வடக்கே ஹேர்ஸ்ற் வரை போய்ச் சேர்ந்தது. மரம் ஏற்றப் போட்ட பாதை இன்றைக்கு மரத்தின் இலையைக் காட்டிப் பிழைக்கிறது. எங்கள் பேராசிரியர்கள் இதை உதாரணமாகச் சொன்னால் வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள்.)

பருவம் என்று பார்த்தால் நாலும் நம் கையில் இல்லை. முன்பு குளிர்காலத்தில் பனி பார்க்கவென்றே ஒரு ரயில் ஓடியது, இப்போது இல்லை. ஹேர்ஸ்ற் வரை போய்வந்த சாதாரணப் பயணிகள் ரயிலும் 2015இல் நின்றுவிட்டது. அண்மைய ஆண்டுகளில் சுற்றுலா ரயில் ஓகஸ்றில் தொடங்கி ஒக்ரோபர் நடுவோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பத்துப் பதினொரு வாரத்துக்குள்தான் நாம் தெரிவு செய்ய வேண்டும்.

ஓகஸ்ற் மலிவு, வெதுவெதுப்பு, பின்னேர வெளிச்சமும் நீளம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நான் ஓகஸ்றைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாம் பச்சை. ஜன்னலுக்கு வெளியே நாலு மணி நேரம் பச்சைச் சுவர். அருவிகளும் கோடை முடிவில் மெலிந்து போயிருக்கும், மழை பெய்தால் தவிர. ஒக்ரோபர் இரண்டாம் வாரத்தில் இலை பாதி நிலத்தில். கன்யனுக்குள் குளிர் காதைக் கடிக்கும். எல்லோரும் சொல்கிற வாரம் செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் முதல். அந்த நாட்களில் ரிக்கற்றும் விலை கூட, சூவில் அறைகளும் விலை கூட. எனக்கோ அதே வாரத்தில் இரண்டு இடைத்தேர்வுகள்.

இனி இலை. இதைப் பற்றி வாசித்தபோதுதான் அட்டவணையின் முதல் நிரலே ஆட்டம் கண்டது. இலையின் மஞ்சள் நிறம் புதிதாக வருவது இல்லை. அது கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. இரவு நீள நீளப் பச்சையம் சிதைந்து போக, உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. அது இலையுதிர்காலத்தில், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாகச் செய்யப்படுவது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி விழாத குளிரும் சேர்ந்தால்தான் நல்ல சிவப்பு. எங்கள் பாஷையில் சொன்னால் மஞ்சள் கையிருப்பில் உள்ள சரக்கு, சிவப்பு ஓடருக்குச் செய்கிற சரக்கு. முதலாவதை நம்பலாம். இரண்டாவது அந்த வருடத்துக் காலநிலையின் தயவு. ஜூலையில் ரிக்கற் வாங்குகிறவன் சிவப்புக்குப் பத்துப் புள்ளி போடுவது, வராத வருமானத்தை வரவில் எழுதுகிற மாதிரி.

அம்மம்மாவின் கண்ணுக்கு வருகிறேன். இந்தப் பயணமே அவவுக்காகத்தான். அவவுக்கு 81 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரை. ஒப்பரேஷனுக்கு நவம்பரில் நாள் கொடுத்திருந்தார்கள். நான் முதலில் சொன்னது, "கண்ணைச் செய்துபோட்டு அடுத்த வருஷம் போவம் அம்மம்மா, வடிவாப் பாக்கலாம்." புத்திசாலித்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன். அம்மம்மா டீவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "அடுத்த வருஷம் எண்டு ஆரைக் கேட்டுச் சொல்லுறாய் பிள்ளை?" என்றா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

கண் பரிசோதிக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். புரை விழுந்த கண்வில்லை பழுத்து மஞ்சளாகிவிடும், நீலம் அதைத் தாண்டி உள்ளே வருவது குறைந்துவிடும், வெயில் பட்டால் கண் கூசும் என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீலம் மங்கல் என்றால் ஏரி, வானம், தூரத்து மலை எல்லாம் அம்மம்மாவுக்கு ஒரே கலங்கல்தான். மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் ஓரளவு மிஞ்சும். அப்படியானால் அந்தக் கண்ணுக்கு ஓகஸ்ற் சுத்த வீண். இலை பழுத்த பிறகுதான் போக வேண்டும். அன்றிரவு அட்டவணையில் ஓகஸ்ற் முழுவதையும் சாம்பல் நிறம் பூசினேன்.

மிச்சம் இருந்ததில் அப்பாவுக்கு லீவு கிடைத்தது செப்ரெம்பர் மூன்றாம் வார இறுதிக்கு மட்டும். வெள்ளி ஓட்டம், சனி ரயில், ஞாயிறு திரும்பி ஓட்டம். அட்டவணையில் அது இரண்டாம் இடம். முதலிடத்துக்கு நாலு புள்ளி குறைவு. வாங்கிவிட்டோம். வாங்கிய நாளிலிருந்து தினமும் இரவு சூவின் காலநிலையைப் பார்ப்பதே என் வேலையாகிப் போனது. சனிக்கிழமைக்கு முகிலும் தூறலும் என்று காட்டியது. வெள்ளி வரைக்கும் மாறவில்லை.

சனி காலை நிலையத்தில் நிற்கும்போது என் முகத்தைப் பார்த்து அப்பா சிரித்தார். வானம் ஈயச் சட்டி மாதிரி. சூவைச் சுற்றி மரமெல்லாம் இன்னும் பச்சை. அங்கங்கே ஒரு கிளை மட்டும் அவசரப்பட்டுச் சிவந்திருந்தது. ரயிலில் ஏறி அம்மம்மாவை ஜன்னலோரம் இருத்திக் கம்பளி போர்த்துவிட்டோம். "கோச்சி நல்ல பெரிசு," என்றா. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து ஆட்களுக்கு ரயில் எப்போதும் கோச்சிதான். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்த கதைகள் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு. எனக்கு அவை மனப்பாடம்.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று, இந்த ரயில் தூரத்தை மட்டும் கடப்பதில்லை என்பது. வடக்கே போகப் போக, ஏரிக்கரையை விட்டு உள்ளே ஏற ஏற, நாட்காட்டியும் முன்னே ஓடுகிறது. சூவில் செப்ரெம்பர் தொடக்கம் மாதிரி இருந்த காடு, இரண்டு மணி நேரத்தில் அரைவாசி மஞ்சள். அதற்குப் பிறகு மேப்பிள் மலைகள் முழுதாகவே மாறிப் போயிருந்தன. ஆகவே "எந்த வாரம்" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஒரே பகலில் மூன்று நாலு வாரம் ஜன்னலைத் தாண்டிப் போகிறது. கொஞ்சம் முந்திப் போனால் கன்யன் பக்கம் நன்றாக இருக்கும், பிந்திப் போனால் சூவின் பக்கம் நன்றாக இருக்கும். ஒரு வாரம் பிசகினால் எல்லாம் போயிற்று என்று நான் பயந்ததில் பாதி வீண்பயம்.

92ஆம் மைலில் மொன்றியல் ஆற்றின் மேல் ஒரு பாலம். 1,550 அடி நீளம், 130 அடி உயரம். ரயில் மெதுவாகிறது, கீழே பார்த்தால் வயிறு ஒருமாதிரிச் செய்யும். கனடாவின் புகழ்பெற்ற ஓவியர் கூட்டமான 'ஏழ்வர் குழு'வில் பின்னர் சேர்ந்த சிலர் 1918 இலையுதிர்காலத்தில் இந்தப் பாதைக்கு வந்தார்கள். 10557 என்ற இலக்கமுள்ள ஒரு சரக்குப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, உள்ளே அடுப்பும் படுக்கையும் போட்டு, பக்கப் பாதைகளில் கழற்றி விடச் சொல்லி, அங்கேயே தங்கி வரைந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜே. ஈ. எச். மக்டொனால்ட் இந்த மொன்றியல் ஆற்றுப் பக்கத்தை வரைந்த ஓவியத்தில் கனத்த முகிலும் இருண்ட மலையும்தான் பெரிதாகத் தெரியும். எனக்கு அவர்கள்மேல் பொறாமை. இன்றைக்குத் தூறினால் நாளைக்கு வரையலாம். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்.

102ஆம் மைலிலிருந்து ரயில் கீழே இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு மைலில் சுமார் 500 அடி இறக்கம். இரண்டு பக்கமும் பாறை எழும்பி வர, வெளிச்சம் குறைந்தது. அந்த நேரம் அம்மம்மா கதையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனா. "வெயில் இல்லாதது நல்லது. கண் கூசேல்லை," என்றா. பிறகு கையைக் காட்டி, "அங்கை பார், வேலியில முள்முருக்குப் பூத்த மாதிரி."

தூறலில் நனைந்த மேப்பிள். ஈரத்தில் அந்தச் சிவப்பு இன்னும் ஒரு பூச்சுப் பூசினது போல இருந்தது. வெயில் இருந்திருந்தால் என் கமராவுக்கு நல்லது. அம்மம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பா. வானிலை என்ற ஒரு நிரலே நான் போடவில்லை. போட்டிருந்தாலும் முகிலுக்குப் பூச்சியம்தான் போட்டிருப்பேன்.

கீழே இறங்கியதும் நானும் அப்பாவும் முந்நூறுக்கு மேற்பட்ட படி ஏறிப் பார்வை மேடைக்குப் போனோம். முழங்கால் நோ உள்ளவர்கள் நினைக்கவே வேண்டாம். அம்மாவும் அம்மம்மாவும் ஆற்றோரச் சரளைப் பாதையால் மெல்ல நடந்து 225 அடி உயர அருவி வரை போனார்கள். நாங்கள் இறங்கி வரும்போது அம்மம்மா ஒரு வாங்கில் இருந்து, கட்டிக் கொண்டுவந்த இடியப்பத்தைச் சம்பலுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. மடியில் ஏழெட்டு இலை, எல்லாம் சிவப்பு. திரும்பும் வழியில் முக்கால்வாசித் தூரம் நித்திரை.

நவம்பரில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு வாரம் கழித்து ரெலிபோனில் அந்தப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தா. ஆற்றை உற்றுப் பார்த்தா, தூரத்து மலையைப் பார்த்தா. "இந்த நீலம் அண்டைக்கு இருக்கேல்லை. நீ கலர் போட்டிருக்கிறாய்," என்றா. நான் போடவில்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மரம் மட்டும் அதுதான்," என்று ரெலிபோனைத் திருப்பித் தந்தா.

இந்த ஜூலையில் அட்டவணையை மறுபடி திறந்திருக்கிறேன். அம்மம்மாவின் கண் என்ற நிரலை அழித்தாயிற்று. செப்ரெம்பர் நாலாம் வாரத்துக்கு விலை பார்த்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.