முதலில் செவி

மக்கட்பேற்றைச் சிறப்பித்த வள்ளுவர், மழலையின் இனிமைக்குக் குழலும் யாழும் ஈடாகா என்று கருதினார். திருமண மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் அக்குறளைக் கேட்டு மகிழ்கிறோம். அவ்வேளையில் அரங்கின் கடைசி வரிசையில் ஒரு தாய் தலைகுனிந்து அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்கும் பிள்ளை உண்டு. அவனுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. ‘அம்மா’ என்னும் சொல் மட்டும் இன்னும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

இத்தகைய வீட்டுக்கு ஆறுதல் கூற வருவோர் பலர். “அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்பார் ஒருவர். “ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்” என்பார் மற்றொருவர். வசம்பை உரைத்து நாவில் தடவச் சொல்வோரும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வோரும் உண்டு. நேர்ச்சையை நான் குறைத்துக் கூற மாட்டேன். அன்னையின் திருமுன் கண்ணீர் சிந்தாத தாய் நம்மிடையே யார்? ஆயினும் ஆறுதல் மொழிகளில் கழியும் மாதங்கள் திரும்பி வருவதில்லை. மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் குழந்தையின் மூளையில் முதல் சில ஆண்டுகளில்தான் மிகுந்திருக்கிறது. ஓராண்டு நிறையும் தறுவாயில் முதற்சொல்லும், ஈராண்டு நிறையும்போது இரு சொற்களை இணைக்கும் திறனும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வாய்த்துவிடுகின்றன. வாய்க்காதபோது காரணம் தேட வேண்டும்.

காரணம் பலவாக இருக்கலாம். செவிப்புலன் குறைவு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, அண்ணப் பிளவு எனப் பட்டியல் நீளும். வேறெந்தக் குறையுமின்றி மொழி மட்டும் தாமதமாகும் பிள்ளைகளும் உண்டு. நம் வழக்கோ இவர்கள் அனைவரையும் ‘ஊமை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பழமொழி வேறு. நாட்டின் சட்டமும் மெல்லத்தான் கற்றது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை 21 ஆக்கியபோதுதான் ஆட்டிசமும், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் அப்பட்டியலில் தனித்தனியே இடம்பெற்றன.

சட்டத்தில் இடம் கிடைத்தாலும் மலைமேல் வாழும் பிள்ளைக்குப் பயிற்சி எளிதில் கிடைத்துவிடுவதில்லை. சேலம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் கொல்லிமலையை எண்ணிப் பாருங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலா வருவோர் அவற்றை எண்ணிக் களிக்கின்றனர். நாமக்கல்லுக்குப் பயிற்சிக்காகப் பிள்ளையை இடுப்பில் ஏந்தி வரும் தாய்க்கோ, ஒவ்வொரு வளைவும் அவன் வாந்தி எடுக்கக்கூடிய இடம். இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. பேசாத கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடினர்; அதே மலையின் பேசாத பிள்ளையைப் பற்றி நாம் நினைப்பதும் அரிது.

சில ஆண்டுகளுக்கு முன், வீடு தேடிச் சென்று பயிற்றும் ஒரு சிறப்பாசிரியையுடன் செம்மேட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். பெயரைக் கண்டு கேரளத்தவரென மயங்க வேண்டா, அவர்களின் தாய்மொழி தமிழே. நாங்கள் பார்க்கச் சென்ற சிறுவனுக்கு நான்கு வயது. செவி நன்றாகக் கேட்கிறது என்று சோதனையில் தெரிந்திருந்தது. ஆசிரியையின் பையில் கப்பல், இரயில், ஆப்பிள் எனப் படஅட்டைகள் இருந்தன. அவற்றை அவர் வெளியே எடுக்கவேயில்லை. முற்றத்தில் காயவைத்திருந்த மிளகையும், மேய்ந்துகொண்டிருந்த கோழியையும், முறத்தில் இருந்த பலாச்சுளைகளையும் பார்த்தார். பின்பு பிள்ளையை விட்டுவிட்டுப் பாட்டியிடம் பேசத் தொடங்கினார்.

“அவன் கண்ணைப் பார்த்தாலே என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சிடுங்க. கேக்கவே வேண்டியதில்லை” என்றார் பாட்டி பெருமையுடன்.

“அதுதாங்க பாட்டி. இனிமே கொஞ்சம் தெரியாத மாதிரி இருங்க” என்றார் ஆசிரியை.

பாட்டி ஒரு பலாச்சுளையைக் கையில் எடுத்தார். பேரன் அதைப் பார்த்தான், பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தான், முனகினான். கொடுத்துவிடத் துடித்த அந்த முதிய கையை ஆசிரியை தம் கண்ணசைவால் நிறுத்தினார். மனத்துக்குள் பத்து எண்ணும் நேரம் அந்த முற்றத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவன் உதடுகள் குவிந்து பிரிந்தன. “ப்பா.” அவ்வளவுதான். “பலா! பலா வேணுமா? இந்தா, பலா” என்று பாட்டி சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். புதுமை ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. அன்று மாலைவரை அவன் எழுப்பியது அந்த ஓர் ஒலியே. ஆனால் பேச வேண்டிய தேவையை அவனுக்குக் கொடுத்தால் அவன் முயல்வான் என்பதை அவ்வீட்டார் கண்டுகொண்டனர்.

பேச்சுப் பயிற்சி என்பதன் உயிர்நிலை இதுவே என்று எனக்குப் பட்டது. வாரம் ஒருமுறை பயிற்சியாளரிடம் செல்லும் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது ஒரு மணி நேரம். அவன் விழித்திருக்கும் நேரமோ, நாளுக்குப் பன்னிரண்டு மணி என்று கொண்டாலும், வாரத்துக்கு 84 மணி. எஞ்சிய 83 மணியும் வீட்டாரின் கையில் இருக்கின்றன. அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து அமர்தல், அவன் பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லுதல், ‘பாலா, பழமா?’ என்று தெரிவு கொடுத்துக் காத்திருத்தல், அவன் ஒரு சொல் சொன்னால் அதனோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுதல், இவையே அம்மணிகளை நிரப்பும் பயிற்சிகள். ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்குவது இப்பட்டியலில் இல்லை. சென்னையில் செவித்திறன் குறைந்த மழலையருக்கென 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, பிள்ளையுடன் தாயையும் பயிற்றும் முறையைக் கொண்டது இக்காரணத்தாலேயே.

இவ்வாறு கூறுவதால் வல்லுநர் வேண்டா என்று பொருளன்று. 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் உருவானது முதல் இத்துறையில் பயின்றோர் பெருகியுள்ளனர். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைச் சோதித்து, தேவையுள்ளோரை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வந்துள்ளது. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதற்சோதனை செவிக்குத்தான். பிறவியிலேயே செவி கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும், ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் கருவி ஒலியைத்தான் தரும். ஒலியைச் சொல்லாக்குவது அதன்பின் வரும் நெடிய பயிற்சி.

இவ்வுண்மையை இதே மலையில் வளர்ந்த ஒருவர் வேறொரு துறையில் நிலைநாட்டினார். மறைபரப்புப் பணிக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் இணையருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்கு மீண்டும் வேலை பழக்காமல் சிகிச்சை முழுமையாகாது என்பதை உணர்ந்து மறுவாழ்வுப் பயிற்சிக்கு வழி செய்தார். விரலுக்கு உற்றதே நாவுக்கும் உற்றது.

காது கேளாமலும் பேச்சுத் தடுமாறியும் இருந்த ஒருவரை மக்கள் இயேசுவிடம் கொண்டுவந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் கூறுகிறது. ஆண்டவர் அவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் பேசச் சொல்லவில்லை; தனியே அழைத்துச் சென்றார். கேளாதவருக்குப் புரியும் மொழியாகிய தொடுதலால் அவரோடு உறவாடினார். முதலில் செவிகளைத் தொட்டார். பின்னரே நாவைத் தொட்டார். வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டு, ‘எப்பத்தா’ என்றார். திறக்கப்படுவதைக் குறிக்கும் அந்த அரமேயச் சொல்லைத் திருஅவை இன்றும் திருமுழுக்குச் சடங்கில் காத்துவருகிறது.

சிலருக்கு நா திறவாமலேயும் போகலாம். அவர்களுக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. செக்கரியா பேச்சிழந்திருந்தபோது தம் மகனின் பெயரை எழுதிக் காட்டினார். யாரும் அதை ஏற்க மறுக்கவில்லை. இன்று சைகை மொழியும் படஅட்டைகளும், சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ போன்ற கைக்கணினிச் செயலிகளும் அப்பலகையின் இடத்தில் உள்ளன. இவற்றைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. பேச்சுக்கு இவை துணையாகவே அமைகின்றன.

இனி நம் பங்குகளுக்கு வருவோம். மறைக்கல்வி வகுப்பில் மன்றாட்டுகளை மனப்பாடமாக ஒப்பிக்காத பிள்ளைக்குப் புதுநன்மை தள்ளிப்போடப்படுகிறது. ஒப்பிக்க நாவே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? மார்ட்டின் என்னும் காதுகேளாத இளைஞருக்குப் புனித பிரான்சிஸ் சலேசியார் சைகைகளாலேயே மறையறிவு புகட்டி, நற்கருணை பெறச் செய்தார். அதனால் அவர் காதுகேளாதோரின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். 2020இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி நெறிமுறை நூலும், மாற்றுத்திறனாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை எவரும் மறுக்கலாகாது என்று தெளிவாக்கியுள்ளது.

அன்பியக் கூட்டங்களில் நாம் செய்யக்கூடியவை சிறியவை. ஈராண்டாகியும் பேசாத பிள்ளையின் வீட்டாரிடம் ‘சரியாகிவிடும்’ என்று சொல்லி அகலாமல், செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லலாம். பயிற்சிக்குச் செல்லும் தாயின் மற்றப் பிள்ளைகளை ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அவள் இழக்கும் ஒரு நாள் கூலியை அன்பியம் ஏற்கலாம். திருப்பலியில் அக்குழந்தை முனகினால் திரும்பிப் பாராதிருக்கலாம். அவன் ஏதோ சொல்ல முற்படும்போது, மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கலாம்.

அவன் நாவுக்காக நாம் மன்றாடுகிறோம், மன்றாடுவோம். அதற்கு முன் நம் செவிகளுக்காகவும் ஒரு மன்றாட்டு வேண்டும்.