திரைக்கேற்ற கோலம்

நுழையும்முன்

அச்சிட்ட தாளின் அளவு மாறுவதில்லை. திரையின் அளவோ கைக்குக் கை மாறுகிறது. உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியிலும் மேசைமீதுள்ள கணினியிலும் ஒரே செயலி இடர்ப்பாடின்றி இயங்க அதன் இடைமுகம் எவ்வாறு அமைய வேண்டும்? அதனை ஆராய்கிறது இக்கட்டுரை.

கல்லூரிச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மாணவி அமர்கிறாள். வீட்டில் கணினி இல்லை. தாயின் கைப்பேசியே உண்டு. திரையில் எழுத்துகள் எறும்புகளாய்ச் சிறுத்துத் தெரிகின்றன. பெரிதாக்கினால் வரியின் மறுபாதி திரைக்கு வெளியே சென்றுவிடுகிறது. 'சமர்ப்பிக்கவும்' என்னும் பொத்தான் கண்ணுக்கு எட்டாமல் வலப்புறத்தில் மறைந்திருக்கிறது. இறுதி நாளோ நெருங்குகிறது. பிழை அவளுடையது அன்று. அப்பக்கத்தை வடிவமைத்தவர் தம் மேசைமீதிருந்த அகன்ற திரையை மட்டுமே எண்ணியிருந்தார்.

ஓலையும் தாளும்

எழுதுபரப்பு மாறும்போது எழுத்தின் அமைப்பும் மாறுவது தமிழுக்குப் புதிதன்று. சுவடியில் ஓலையின் நீளமே வரியின் நீளம். செய்யுளின் அடிகள் பெரும்பாலும் பிரிக்கப்படாமல் தொடர்ந்தே எழுதப்பட்டன. அவை அச்சேறியபோது உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் சீரும் அடியும் பிரித்துத் தாளுக்கேற்ப அமைத்தனர். பரப்பு மாறியது, பாடல் மாறவில்லை. உள்ளடக்கம் வேறு, அது அமரும் பரப்பு வேறு என்னும் தெளிவே திரை வடிவமைப்புக்கும் அடிப்படையாகும்.

நெகிழ்வின் கணக்கு

1991இல் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் இணையத்தளத்தில் எழுத்தும் இணைப்புகளுமே இருந்தன. சாளரத்தைச் சுருக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொண்டன. பின்வந்த வடிவமைப்பாளர்கள் அச்சுத்தாளின் பழக்கத்தைத் திரைக்கும் கொண்டுவந்து, பக்கத்தின் அகலத்தைப் படப்புள்ளிகளால் அறுதியிட்டனர். 2007இல் ஐபோன் வெளிவந்து, கைப்பேசியில் இணையம் பார்ப்போர் பெருகியபோது அவ்வரையறை இடர்தந்தது. கைப்பேசிக்கெனத் தனித்தளம் அமைத்தவர்கள், ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றொன்றிலும் செய்ய வேண்டியிருந்தது.

2010இல் ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், தகவமையும் வலை வடிவமைப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், ஊடக வினவல்கள் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். 1200 படப்புள்ளி அகலமுள்ள பக்கத்தில் 300 படப்புள்ளி கொண்ட பத்தியை 25 விழுக்காடு எனக் குறித்தால், திரை சுருங்கும்போது பத்தியும் சுருங்கும். ஆனால், 400 படப்புள்ளித் திரையில் அது 100 ஆகிவிடும். இரண்டு சொற்கள்கூட ஒரு வரியில் அமைய இடமிராது. அங்கே ஊடக வினவல் துணைபுரிகிறது. 'திரை இவ்வளவு அகலத்திற்குக் குறைந்ததா?' என வினவி, அருகருகே இருந்த பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது.

விரலும் சுட்டியும்

அகலம் மட்டுமே வேறுபாடன்று. சுட்டியின் முனை கூரியது. விரலின் நுனி அகன்றது. சுட்டியை அருகே கொண்டுசென்றால் மட்டுமே விரியும் பட்டியல், விரலால் இயக்குவோருக்கு எளிதில் புலப்படாது. அகன்ற திரையில் ஒரே வரி இக்கரையிலிருந்து அக்கரைவரை நீண்டால், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிக் கண் களைக்கும். ஆங்கிலச் சொல்லை அளந்து செய்த பொத்தானில், அதனினும் நீண்ட தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுண்டு நிற்கும்.

தெரிந்து தெளிவோம்

விரலால் தொடும் பொத்தான் குறைந்தது 44 புள்ளி நீள அகலம் கொண்டிருக்க வேண்டும் என ஆப்பிள் நிறுவனமும், 48 அலகு இருக்க வேண்டும் என ஆண்ட்ராய்டு வழிகாட்டு நெறியும் பரிந்துரைக்கின்றன.

சிறியதே முதல்

ஆகவே, சிறிய திரையை முதலில் வடிவமைத்துப் பின்னர்ப் பெரிய திரைக்கு விரிப்பதே நன்று என்பர் வல்லுநர் பலர். இடம் குறையும்போது இன்றியமையாதது எது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை கண்டபின் அகன்ற திரையிலும் தேவையற்றவை நுழைவதில்லை. எனினும், சுருக்குதல் என்பது பறித்தலன்று. கணினியில் கிடைக்கும் வசதியைக் கைப்பேசியில் நீக்கிவிடுவது, கைப்பேசி மட்டுமே உடையவருக்குக் கதவடைப்பதாகும்.

அம்மாணவியின் விண்ணப்பத்தில் பொத்தான் திரைக்குள் இருந்திருந்தால் அதனை அவள் கவனித்தே இருக்கமாட்டாள். அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றிருப்பாள். நல்ல வடிவமைப்பு பெரும்பாலும் பாராட்டைப் பெறுவதில்லை. அது எவரையும் வாயிலில் நிறுத்தாமல் உள்ளே விடுகிறது.