கதிரை எங்கே நிறுத்துவது

சிடி ஸ்கேன் தரவை முப்பரிமாணப் படமாக்கும் மென்பொருள் குழுவில் சேர்ந்த புதிதில், எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்கா ஜிபியு பக்கமே விடவில்லை. தாளில் கணக்குப் போடச் சொன்னார்.

512 துண்டுப் படங்கள், ஒவ்வொன்றிலும் 512க்கு 512 புள்ளிகள். ஆக 13.4 கோடி வாக்செல், அதாவது முப்பரிமாணப் புள்ளிகள்; ஒன்றுக்கு 2 பைட் வீதம் 256 எம்பி. ஒவ்வொன்றிலும் இருப்பது ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் ஓர் எண்தான்: காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0, எலும்புக்குப் பல நூறு. "இதுல நிறமே கிடையாது தம்பி. எந்த எண் என்ன நிறத்துல தெரியணும், எது மறையணும்னு நாமதான் சொல்லணும்" என்றார்.

திரையின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கதிரைத் தரவுக்குள் செலுத்தி, வழிநெடுக எண்களைப் படித்து, நிறமாக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மார்க் லெவாய் 1988இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த முறை இருக்கிறது. 1024க்கு 1024 திரையில் கதிருக்கு 500 இடங்களில் படித்தால் ஒரு படத்துக்கு 52 கோடி முறை. ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள 8 வாக்செல்களைக் கலந்தாக வேண்டும். மருத்துவர் மவுசைச் சுழற்றும்போது படமும் தடைபடாமல் சுழல வேண்டும் என்றால் சிபியு திணறிவிடும். ஆனால் ஒரு கதிருக்கு இன்னொன்றின் விடை தேவையில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

எட்டையும் கலக்கும் வேலைக்கு ஜிபியுவில் தனிச் சுற்றே உண்டு, டெக்ஸ்சர் யூனிட். 1994இலேயே கேப்ரல், கேம், ஃபோரன் மூவரும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினியின் டெக்ஸ்சர் வன்பொருளை இதற்குப் பயன்படுத்திக் காட்டிவிட்டார்கள். ஜிபியுவில் பொதுக் கணக்குகளை எழுத என்விடியா தரும் குடா வந்தது 2007இல். ஒரு எச்சரிக்கை: குடாவில் இந்தக் கலவையின் பின்னம் 8 பிட் மட்டுமே. கண்ணுக்குப் போதும், அளவெடுக்க நம்பக் கூடாது.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அக்காவிடம் நான் கற்றது வேறு: எதைப் படிக்காமல் விடுவது. கதிர் சேர்த்த மறைப்பு 95 சதவீதத்தைத் தாண்டினால் பின்னால் என்ன இருந்தாலும் தெரியப்போவதில்லை, அங்கேயே நிறுத்திவிடலாம். தரவைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மிகச்சிறு, மிகப்பெரு எண்களைக் குறித்துவைத்தால், காற்று மட்டுமே உள்ள கட்டங்களைத் தாண்டிப் போகலாம்.

ஆனால் கதிருக்கு ஒரு த்ரெட் என்று ஓட்டும்போது, என்விடியா ஜிபியுவில் 32 த்ரெட்கள் ‘வார்ப்’ என்ற ஒரே குழுவாகச் சேர்ந்தே நடக்கும். 31 கதிர்கள் எலும்பில் முட்டி நின்றாலும், விலா இடுக்கில் நுழைந்த ஒன்று வெளியே வரும்வரை மற்றவை சும்மா காத்திருக்கும். 32 பிக்சல்களையும் ஒரே வரிசையில் நீட்டாமல் 8க்கு 4 கட்டமாக வைத்தால் பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும். அவை படிக்கும் இடங்களும் அருகருகே இருப்பதால் கேஷிலேயே கிடைத்துவிடும். ஒரு கூட்டல்கூடக் குறையவில்லை, பிக்சல்களுக்கு இடம் மாற்றியதோடு சரி. நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் ருசி தட்டியது.

படம் நின்று நின்று சுழல்கிறது என்று விலை கூடிய கார்டுக்கு ஆர்டர் போடப் போகிறவர்கள், அதற்கு முன் ப்ரொஃபைலரை ஒருமுறை ஓட்டி, கார்டு கணக்குப் போடுகிறதா, மெமரிக்காகக் காத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.