கம்பளி போர்த்த யானை

ஒரு மாலைப்பொழுதில் நம் வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைகள் இருவர் ஒரே கைப்பேசியின்மேல் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தனர். நாமும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். படைவீரர் சிலர் காட்டுக்குள் நுழைகின்றனர். புதருக்குப் பின்னிருந்து டைனோசர் ஒன்று பாய்கிறது. வீரர்கள் சுடுகின்றனர்; ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். சிக்கனமாக எடுத்த படம் என்பதை அவ்விலங்கின் கால்களே காட்டிக்கொடுத்தன. மலைபோன்ற உடலோடு மண்ணை மிதிக்கிறது. மண்ணில் ஒரு தடமும் விழுவதில்லை. ஆயினும் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தனர்.

படம் முடிந்ததும் இளையவன் நிமிர்ந்து, "தாத்தா, நம்ம காட்டுலயும் இது இருந்துச்சா?" என்று கேட்டான்.

நம் மலையைப் பற்றி நாம் அறியோம். ஆயினும் தமிழ்மண்ணில் அவ்வினம் உலவியது உண்மையே. அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆய்வாளர்கள் 1987இல் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தனர். ஆனால் அந்த இனம் மறைந்து ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எந்த மனிதனும் அதைக் கண்டதில்லை. எந்தப் படையும் அதனோடு பொருததில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு, "ஆனால் நம் சேலத்திலேயே இதுபோல ஒரு படம் எடுத்தார்கள்" என்றோம். பிள்ளைகள் நம்பவில்லை. அந்தக் கதையை ஈண்டு நம் சங்கத்து அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இல் டி.ஆர். சுந்தரம் அவர்களால் தொடங்கப்பெற்றது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் வெளிவந்ததும், முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' 1961இல் வெளிவந்ததும் அந்த நிறுவனத்தின் வாயிலாகவே. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த அறைகளில் உறங்கிய வீடு அது என்று சொல்லலாம். அந்நிறுவனம் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம்தான் 1952இல் வெளிவந்த 'தி ஜங்கிள்'; தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகிய அமெரிக்க நடிகர்களோடு, மலையாள மண்ணில் பிறந்து தமிழ்த்திரையில் புகழ்பெற்ற எம்.என். நம்பியாரும் அதில் தோன்றினார்.

கதை எளியது. யானைக்கூட்டங்கள் வெருண்டோடி ஊர்களை அழிக்கின்றன. காரணம் காண அரசகுமாரியும் அமைச்சரும் அமெரிக்க வேட்டைக்காரனும் ஆட்களைத் திரட்டித் துப்பாக்கியோடு காட்டுக்குள் புகுகின்றனர். யானைகளையே விரட்டும் பெருவிலங்கு ஒன்று உண்டு என்று வேட்டைக்காரன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. படம் முடியும் தறுவாயில்தான் அது முகம் காட்டுகிறது. அதுதான் மாமூத் எனப்படும் ஆதிகாலக் கம்பளி யானை!

அந்த மாமூத் எங்கிருந்து வந்தது? வேறெங்கிருந்தும் இல்லை. பழக்கிய யானைகளின்மேல் நீண்ட முடியைப் போர்த்தி நடக்கவிட்டார்கள், அவ்வளவே. இத்தகைய தந்திரம் புதியதும் அன்று. 1940இல் அமெரிக்கர் எடுத்த ஒரு படத்திலும் யானைக்கு முடி போர்த்தி மாமூத் ஆக்கினர். ஓணான் வகைகளை டைனோசர் ஆக்கினர். கைப்பொருள் குறைந்த இடத்தில் கலைஞன் கைக்கு எட்டியதைக் கொண்டு காரியம் முடிக்கிறான். அதைக் குறைகூற நாம் யார்?

நம் தந்தையார் 'காடு' படத்தைப் போடிநாயக்கனூரில் பார்த்தவர். பொங்கலுக்குத் துணி எடுக்க மலையிலிருந்து இறங்கியவர் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து பார்த்தாராம். கொட்டகையில் பலரும் அஞ்சி அலறியபோது அவர் மட்டும் சிரித்திருக்கிறார். பிற்காலத்தில் அதை நம்மிடம் சொல்லும்போது இப்படிச் சொல்வார்: "அது காதை ஆட்டுற ஆட்டத்தப் பாத்தாலே தெரியாதா, நம்ம ஆனைதான்னு? மழைக்கு நமக்குத் தோட்டத்துல கம்பளி குடுக்குறான்ல, அந்த மாதிரி அதுக்கும் ஒண்ணப் போத்திவிட்டுட்டான். அதும் கூலிக்கு வந்ததுதானப்பா."

கொழுந்து பறிக்கும் தாய்மாரின் முதுகில் நனைந்து கனத்துத் தொங்கும் கம்பளியை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் விளங்கும். அன்று நமக்கு அது வேடிக்கைப் பேச்சு. இன்று எண்ணிப் பார்க்கும்போது, அந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சிறந்த விமரிசனத்தை நாம் கேட்டதில்லை என்றே தோன்றுகிறது. கூலிக்கு வந்த உயிர் ஒன்றுக்கு அயலான வேடம் இட்டு, 'இதோ பகை' என்று சுட்டிக்காட்டுவது திரைக்கு மட்டும் உரிய வழக்கமா? எல்லையோரத்தில் வாழும் நம்மவர்க்கு அதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்தியக் காடுகளில் கம்பளி யானை வாழ்ந்ததே இல்லை. அது வடபுலத்துக் குளிர்வெளிக்கு உரியது. அதன் கடைசிக் கூட்டம் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக் கடல் தீவொன்றில் மறைந்தது. ஆனால் மரபணு ஆய்வுகள் ஒரு வியப்பைச் சொல்கின்றன. இன்று வாழும் உயிர்களுள் மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானை அன்று. நம் ஆசிய யானையே. அறியாமல் போர்த்திய போர்வைக்குள் இருந்தது ஒன்றுவிட்ட உடன்பிறப்பு!

திரைக்காட்டை விட்டு நம் காட்டுக்கு வருவோம். இங்கே யானைக்கு வேடம் இல்லை. பாலக்காட்டு மாவட்டத்தில் 2020 மே மாதம் வெடிமருந்து பொதிந்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த சினையானை, ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது. அதே மாவட்டத்தின் தோணிப் பகுதியில் 2023 ஜனவரி 22 அன்று பிடிக்கப்பட்ட பி.டி.7 என்ற கொம்பன் யானையின் உடலில் நாட்டுத்துப்பாக்கிச் சில்லுகள் இருந்தன. திரையில் வேட்டைக்காரனின் துப்பாக்கிக்குக் கைதட்டினோம். வாழ்வில் அத்துப்பாக்கி செய்தது இது.

நம் இடுக்கியில் சின்னக்கானல் அரிக்கொம்பனை அறியாதார் இல்லை. அரிசிக்காக நியாயவிலைக் கடையை உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரல் 29 அன்று நான்கு கும்கிகளின் துணையோடு மயக்க ஊசியிட்டுப் பெரியாறு காட்டில் விட்டனர். ஒரு மாதத்துக்குள் அது மாநில எல்லையைக் கடந்து கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறையினர் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசென்றனர். பிழைப்புக்காக எல்லை கடந்து, கடந்த இடத்திலும் நிலைகொள்ள விடப்படாத அந்த ஓட்டத்தை நாம் வெறும் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

இதனால் யானைக்கு அஞ்சவேண்டியதில்லை என்று நாம் சொல்லவரவில்லை. 2024 பிப்ரவரியில் மூணாற்றை அடுத்த கன்னிமலைத் தோட்டத்தில் யானை ஆட்டோவைக் கவிழ்த்ததில் ஓட்டுநர் உயிரிழந்தார். விடியுமுன் லயத்துக் கதவைத் திறக்கும் பெண், முதலில் காதைத் தீட்டிக்கொண்டுதான் காலை வெளியே வைக்கிறாள். அந்த அச்சத்தை அறியாதவர்கள் யானையின்மேல் அன்பு காட்டுமாறு நமக்குப் போதிப்பதும் முறையன்று.

ஆனால் திரைக்கும் வாழ்வுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திரையின் விலங்கு எங்கிருந்தோ வருகிறது. அதற்கு வீடில்லை, வழியில்லை, வரலாறில்லை. அதனால்தான் அதைக் கொல்வது எளிதாகிறது. நம் யானைக்கு இவையெல்லாம் உண்டு. சின்னக்கானலை அடுத்த அணைக்கு ஆனையிறங்கல் என்று பெயர். யானை இறங்கிய வழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இன்று அங்கே தேங்கி நிற்பது நீர். 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன்தேவன் மலைகளைப் பெற்றார்; பின்னர்க் காடு தேயிலையாயிற்று. ஆணையிட்டவர்கள் வேறு; மரத்தை வெட்டிய கைகள் நம் முன்னோருடையவை. யானையை நம் வாசலுக்குக் கொண்டுவந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறைப்பது நேர்மை ஆகாது.

இன்னொன்றையும் சொல்லி முடிப்போம். மூணாற்றுச் சாலைகளில் உலவும் கொம்பனுக்கு நம் மக்கள் 'படையப்பா' என்று பெயரிட்டனர். அது 1999இல் வெளிவந்த ரஜினிகாந்த் படத்தின் பெயர். ஒரு திரைப்படம் யானைக்கு முடி போர்த்தி அரக்கன் ஆக்கியது. மக்களோ இன்னொரு திரைப்படத்திலிருந்து கதாநாயகனின் பெயரை எடுத்து யானைக்குச் சூட்டினர். அஞ்சுகின்ற ஒன்றுக்கே பெயர் வைத்து அழைப்பது அதனோடு வாழ முடிவு செய்தவர்களின் செயல். வேட்டைக்காரன் பெயர் வைப்பதில்லை.

சில நாள் கழித்துப் பிள்ளைகளோடு அமர்ந்து அந்தப் பழைய சேலத்துப் படத்தைக் கைப்பேசியிலேயே பார்த்தோம். பழுப்பேறிய சாயலில் காட்சிகள் ஓடின. கடைசியில் கம்பளி யானை வந்தது. பிள்ளைகள் அஞ்சுவார்கள் என்று பார்த்தோம். இளையவன் திரையருகே குனிந்து சற்று நேரம் உற்றுநோக்கினான். பிறகு, "தாத்தா, இது காதை ஆட்டுது. நம்ம ஆனைதான்" என்றான்.

நம் தந்தையாரை அவன் கண்டதே இல்லை.